வரலாறு முதன்மைப் பாடமாக இருக்க, கல்வியியலையும் கணினி அறிவியலையும் சேர்த்துப் படிக்க முடியுமா?

முடியும். சிக்கல் பெரும்பாலும் பாடத்தின் கடினத்தில் இல்லை, வரிசையில்தான்.

கணினி அறிவியல் பாடங்கள் சங்கிலி போன்றவை. அறிமுக நிரலாக்கம் முடித்தால்தான் தரவுக் கட்டமைப்பு. அதை முடித்தால்தான் அல்காரிதம். முதல் கண்ணி ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படுகிறது என்றால், அதைத் தவறவிட்டவருக்கு ஓராண்டே போய்விடும். அதனால் நிரலாக்கத்தை முதல் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுவதுதான் வழக்கமான தவறு. வரலாறு, இலக்கியம், மெய்யியலில் இந்தக் கட்டு தளர்வு. மொழிப் பாடங்கள் மட்டும் விதிவிலக்கு, அவையும் படிப்படியாகவே போகும்.

கல்வியியலில் கவனிக்க வேண்டியது பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சி. அது பல வாரம் பகல் நேரத்தை விழுங்கும். அந்தப் பருவத்தில் ஆய்வகப் பாடம் வைத்தால் இரண்டும் மோதும். முதலில் பயிற்சிப் பருவத்தைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

சுமையைக் கிரெடிட்டில் கணக்கிடலாம். ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆனால் இந்த எண் உழைப்பு எப்போது குவியும் என்று சொல்லாது. கட்டுரைகளும் புராஜெக்ட்டும் பருவ இறுதியில் ஒன்றாக வந்து விழும். ஆகவே இறுதித் தேதிகளையும் ஒப்பிடுங்கள்.

பாடப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அந்தப் பாடம் இந்தப் பருவத்தில் நடக்கும் என்று பொருளல்ல. கால அட்டவணையைப் பாருங்கள். ஒரே பாடத்தை இரண்டு துறைக் கணக்கிலும் சேர்க்க அனுமதி உண்டா என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.