‘குலைநடுங்கும் அனுபவம்’ என்று மனுவில் எழுதலாமா?

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது நாங்கள் வந்த வேன் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதியது. இழப்பீட்டு மனுவில் ‘குலைநடுங்கும் அனுபவம்’ என்று எழுதியிருந்தேன். மனு எழுதித் தருபவர், ‘அனுபவம் எப்படி நடுங்கும்?’ என்று கேட்டு, ‘மயிர்க்கூச்செறியும் அதிபயங்கரமான அனுபவம்’ என்று மாற்றிவிட்டார். எது சரி?

பதில்: நீங்கள் எழுதியதே சரி. குலை என்பது இங்கே ஈரற்குலை. உயிர் போய்விடுமோ என்று அஞ்சும்போது உடலுக்குள் எழும் நடுக்கத்தையே அத்தொடர் குறிக்கிறது.

பெயரெச்சத்தை அடுத்து வரும் பெயர்தான் அந்த வினையைச் செய்ய வேண்டும் என்று தமிழில் விதி எதுவும் இல்லை. ‘நோய் தீரும் மருந்து’ என்கிறோம். தீர்வது நோய், தீர்வதற்குக் காரணம் மருந்து. ‘பல் கூசும் புளிப்பு’ என்பதில் கூசுவது பல். அவ்வாறே உங்கள் தொடரில் நடுங்குவது குலை, நடுக்கத்துக்குக் காரணம் அனுபவம். ஆனால் ‘குலை’யை விட்டுவிட்டு ‘நடுங்கும் அனுபவம்’ என்று மட்டும் எழுதினால், நடுங்குவது எது என்பது தெரியாமல் தொடர் தடுமாறும். அங்கே ‘நடுங்க வைத்த’ என்றே எழுத வேண்டும். நடந்து முடிந்த விபத்தைச் சொல்வதால், உங்கள் மனுவிலும் ‘குலைநடுங்க வைத்த’ என்பது இன்னும் பொருத்தம்.

மயிர்க்கூச்செறிதல் பக்தியிலும் பெருமகிழ்ச்சியிலும்கூட நிகழ்வது. விபத்துக்கு அது தெளிவான சொல் அன்று. ‘பயங்கர ருசி’ என்று பேசிப் பேசிப் ‘பயங்கர’த்தின் அச்சத்தையும் தேய்த்துவிட்டோம்; முன்னால் ‘அதி’ சேர்ப்பதால் அது திரும்பி வராது.

மனு எழுதித் தருபவர்களில் சிலர் பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அடைமொழி பெருகினால் பக்கம் பெருகும், இழப்பீடு பெருகாது. தொகையை முடிவு செய்யத் தீர்ப்பாயம் முக்கியமாகப் பார்ப்பது காயம், வயது, வருமானம், சிகிச்சைச் செலவு, அவற்றுக்கான சான்றுகள் ஆகியவற்றைத்தான். தனக்கு நேர்ந்ததைத் தன் தாய்மொழியில் சொல்வதற்கு ஒருவர் இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பதும், அந்த இன்னொருவர் சரியாக இருப்பதைத் திருத்திக் கெடுப்பதும் எத்தனை காலம் தொடருமோ!

‘குலைநடுங்க வைத்த’ என்பதை ஒரே ஒரு முறை எழுதுங்கள். அடுத்த வரியிலேயே பிரேக் எங்கே பிடிக்காமல் போனது, ஓட்டுநர் என்ன செய்தார், யாருக்கு எங்கே அடிபட்டது என்று வரிசையாகச் சொல்லுங்கள். தட்டச்சாகி வந்ததும் ‘குலை’ என்பது ‘கொலை’ ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.