லண்டனில் தெருமுனை பப்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றனவாமே? பீர் விலை ஏறியதுதான் காரணமா?

மூடப்படுவது உண்மைதான். 2000-இல் பிரிட்டன் முழுக்க 60,000-க்கு மேல் பப்கள் இருந்தன. இப்போது சுமார் 45,000. விலையும் ஏறித்தான் கிடக்கிறது. லண்டனில் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, 6 பவுண்டை ஒட்டி வந்துவிட்டது. நகரத்தின் நடுவில் 7-ஐத் தாண்டிய இடங்களும் உண்டு. ஆனால் விலையால்தான் மூடுகிறார்கள் என்றால் அது பாதிக் கதை. மீதிப் பாதியில் என் பங்கும் இருக்கிறது.

நான் கிழக்கு லண்டனில் இருக்கும் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தது 2007-இல். முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் நடந்து போய் வாங்கிவரக்கூடிய ஊர். எங்கள் தெருமுனையில் ஒரு பப் இருந்தது. வாசலில் இங்கிலாந்துக் கொடி, அதன் கீழே புகைபிடிக்கிற நாலு பேர் (அந்த ஜூலையில்தான் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்திருந்தது). ஒரு வருடம் தலையைக் குனிந்தபடி அதைக் கடந்து போனேன். பிறகு பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருநாள் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார். ராயல் டாக்ஸ் துறைமுகம் 1981-இல் மூடும்வரை அங்கே வேலை பார்த்து, அப்புறம் டாகன்ஹாம் ஃபோர்டு கார் ஆலையில் ஓய்வு பெற்றவர்.

உள்ளே போனதும் நான் மேசையில் உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கவுண்டருக்கு நாம்தான் போக வேண்டும். அங்கே வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு முன்னால் யார் வந்தார் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். என் பீருக்கு மட்டும் காசு கொடுத்தது அடுத்த தப்பு. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஆளுக்கொரு ரவுண்டு நாலு பேருக்கும் வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் நாலு பைண்ட். எனக்கு ஒன்றரைக்கு மேல் தாங்காது என்பதால் 'பாதி பைண்ட்' கேட்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் தாத்தா சிரிப்பார். "மிச்சப் பாதியை யாருக்கு விட்டுவைக்கிறாய்?" என்பார். அவருடைய கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளை கவுண்டருக்குப் பின்னால் தனியாகத் தொங்கும். அவர் கதவைத் திறந்ததுமே பப் நடத்திய அம்மா அதை எடுத்துவிடுவார். அப்போது பைண்ட் 2 பவுண்டு 70 பென்ஸ்.

சரி, அந்தக் காசு எங்கே போகிறது? 6 பவுண்டு பைண்டில் 20 சதவீத வாட் வரியாக 1 பவுண்டு அரசுக்கு. பீர் மீதான தீர்வை ஏறத்தாழ 50 பென்ஸ். மிச்சத்தில்தான் பீரின் கொள்முதல், சம்பளம், மின்சாரம், வாடகை எல்லாம். இதில் ஒரு சிக்கல், பல பப்கள் நடத்துபவருக்குச் சொந்தமில்லை. கட்டடம் ஒரு கம்பெனியுடையது; பீரையும் அந்தக் கம்பெனியிடமே, அது சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம். முன்பு அந்த முதலாளி பீர் காய்ச்சும் ஆலை. பெரிய ஆலைகள் இத்தனை பப்களுக்கு மேல் தங்கள் பிடியில் வைத்திருக்கக் கூடாது என்று 1989-இல் அரசு ஆணை போட்டது. ஆலைகள் விற்றன, பீரே காய்ச்சாத கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வாங்கின. ஆண்டை மாறினார், குத்தகை மாறவில்லை.

நான் வாங்கிவரும் கேன் பீர் சூப்பர்மார்க்கெட்டில் ஒன்றரை பவுண்டுக்குள் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தோடு எந்தத் தெருமுனை பப்பும் போட்டி போட முடியாது.

ஆனாலும் எங்கள் பப்பைச் சாய்த்தது ஆள் குறைந்ததுதான். பழைய மாதிரி ஏல் பீர் மரப்பீப்பாயின் வாரிசான ஓர் உலோகப் பீப்பாயில் வரும், 72 பைண்ட். அதற்கு உயிர் உண்டு. திறந்தபின் மூன்று நாலு நாளுக்குள் விற்றுத் தீர்க்காவிட்டால் நம் வீட்டு மோர் மாதிரி புளித்துப்போகும். எங்கள் பப்பில் முதலில் இரண்டு ஏல் குழாய்கள் இருந்தன. வியாழக்கிழமை வந்தால் பாதிப் பீப்பாய் சாக்கடைக்கு. பப் நடத்திய அம்மா ஒன்றை நிறுத்தினார், பிறகு இரண்டாவதையும். அதைக் குடிக்கவே வந்துகொண்டிருந்த ஐந்தாறு கிழவர்கள் அத்துடன் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆள் குறைய பீப்பாய் குறைய, பீப்பாய் குறைய ஆள் குறைய.

ஆட்கள் எங்கே போனார்கள் என்றால், லண்டனை ஒட்டிய எசெக்ஸ் மாவட்டத்துக்கு. எங்கள் நியூஹாம் பகுதியில் 2001 கணக்கெடுப்பில் வெள்ளை பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்கு. 2011-இல் ஆறில் ஒரு பங்கு. போனவர்களும் ஆட்ட நாளில் திரும்பி வருவார்கள். வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப்பின் மைதானம் 1904-இலிருந்து இங்கேதான் இருந்தது, அப்டன் பார்க்கில். ஆட்டம் இருந்தால் சுற்றுவட்டார பப்களில் வாசலுக்கு வெளியேயும் கூட்டம் நிற்கும். ஒரு சனிக்கிழமை ஒரு வாரத்தைக் காப்பாற்றும். 2016 மே 10-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டை 3–2 என்று ஜெயித்த ஆட்டத்தோடு அதுவும் முடிந்தது. கிளப் ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

புதிதாகக் குடிவந்த நாங்கள்? முஸ்லிம் குடும்பங்கள் பப்புக்கு வர மாட்டார்கள், அது அவர்கள் விருப்பம். நம் ஆட்களோ குடிக்காதவர்கள் இல்லை. ஆனால் நமக்குக் குடி என்றால் மறைவு. மனைவி பிள்ளைகளோடு ஞாயிறு மதியம் பப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே மூளைக்குள் ஏறாது. டாஸ்மாக் பாரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எப்படி ஏறும்? ஒரு நண்பர் வீட்டு ஹாலில் விஸ்கி பாட்டில், மிக்ஸர், கதவு சாத்தியிருக்கும். நானும் அப்படித்தான், வாரம் ஒருமுறை பப்புக்குப் போனவன் மாதம் ஒருமுறையாகி, அப்புறம் தாத்தா கூப்பிட்டால் மட்டும் போகிறவன் ஆனேன்.

பஞ்சாபிகள் வேறு மாதிரி செய்தார்கள். பர்மிங்ஹாம் பக்கம் ஸ்மெதிக்கில் 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பர் உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் போனபோது ஒரு பப்பின் நல்ல அறையில் அவருக்கு ஊற்ற மறுத்தார்கள். கறுப்பர், இந்தியர் எல்லோருக்கும் அதே கதிதான். நிறவெறிக்கு எதிரான முதல் சட்டம் அந்த வருடமே வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகளே நடத்தும் பப்கள் இருக்கின்றன. பீரோடு சூடான இரும்புத் தட்டில் மிக்ஸட் கிரில், அதாவது சுட்ட இறைச்சி வகைகள் வரும், பழைய வெள்ளைக்கார வாடிக்கையாளர்களும் அதைச் சாப்பிடத்தான் வருகிறார்கள். ஈஸ்ட் ஹாமில் நாம் கோயில் கட்டினோம், ஓட்டல் வைத்தோம், நகைக்கடை வைத்தோம். பப்பை எடுத்து நடத்துவோம் என்று யாரும் யோசித்ததாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் தெருமுனை பப் 2019-இல் மூடியது. மேலே ஃபிளாட்டுகள், கீழே மளிகைக்கடை. என் கேன் பீரை அங்கேதான் வாங்குகிறேன்.

போன வருடம் தாத்தாவை போலின் டேவர்ன் என்ற பப்புக்கு அழைத்துப்போனேன். பார்க்கிங் (Barking) ரோடு முனையில், 1966 உலகக்கோப்பையோடு வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர் பாபி மூர் நிற்கும் சிலைக்கு எதிரே இருப்பது. 2021-இல் புதுப்பித்து, பழைய மரத் தடுப்புகள், பூ வேலைக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் திரும்ப வைத்திருக்கிறார்கள். நீங்கள் லண்டன் வந்தால் ஒருமுறை பாருங்கள், குடிக்காவிட்டாலும் சரி. தடுப்புகள் எதற்கு என்று தாத்தா விளக்கினார்: ஒரு பக்கம் வேலை உடுப்போடு வருகிறவர்களுக்கு, பீர் ஒன்றிரண்டு காசு குறைவு, மறுபக்கம் கம்பளம் விரித்த, கோட்டு போட்டவர்களின் அறை. ரவுண்டு என்னுடையது. கவுண்டரில் விலைப்பட்டியலை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு பாதி பைண்ட் போதும் என்றார்.