பழைய கால்வாய் ஓரமா குடும்பத்தோட நடக்கணுமா? முதல்ல வானத்த பாருங்க

கேள்வி: சிங்கப்பூர்ல பொத்தோங் பாசிர்ல இருக்கோம். ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஏழு வயசுல பையன் இருக்கான், அவனுக்கு நீர்நாய் பாக்கணுமாம். பழைய கால்வாய் ஓரமா நடக்க எங்க போகலாம், எப்ப போகலாம், பயமில்லையா?

பதில்: காலாங் ஆறு உங்க வீட்டு பக்கத்துலயே ஓடுதே, அப்புறம் என்ன! ஆனா பெரியவங்களோடன்னா முதல் நாள் பீஷான் அங் மோ கியோ பார்க்குக்கு போங்க. அங்க 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோடா கெடந்த கான்கிரீட் கால்வாய ஒடச்சு, 2012-ல வளஞ்சு நெளிஞ்சு ஓடுற ஆறா மாத்திட்டாங்க, கரையில புல்லு, கல்லு, நிழல் எல்லாம் இருக்கு, கொக்கு, மீன்கொத்தி, உடும்பு சர்வசாதாரணம்.

நீர்நாய் மட்டும் கேரண்டி கிடையாது. அதுங்க ஒரே எடத்துல தங்காது, லோங்காங் (கால்வாய், சாக்கடை) வழியாவே ஏரியா விட்டு ஏரியா போய்டும். காலைல ஏழுலேருந்து ஒம்போது, இல்லன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல போனா வாய்ப்பு அதிகம். குட்டியோட இருந்தா கிட்ட போகாதீங்க, கடிச்சிடும்.

பயம்னா அது மழைதான். நீங்க நிக்கிற எடத்துல வெயில் அடிக்கும், மேல எங்கயோ கொட்டுற மழை நிமிஷத்துல கால்வாய நெரப்பிடும், அதுவும் நவம்பர்லேருந்து ஜனவரி வரைக்கும் ரொம்ப உஷாரா இருக்கணும். பீஷான்ல சைரன் அடிச்சு லைட் மின்னுனா அடுத்த போட்டோவுக்கு நிக்காம மேட்டுக்கு வந்துடுங்க. மத்த எடத்துல கணுக்கால் தண்ணிதான்னு ஏணிய புடிச்சு கால்வாய்க்குள்ள எறங்கவே கூடாது.

அப்பாவுக்கு பழைய கதை புடிக்கும்னா தேக்கா (லிட்டில் இந்தியா) போறப்ப ரோச்சோர் கால்வாய் பக்கம் கூட்டிட்டு போங்க. அந்த காலத்துல இந்த பக்கம் தண்ணியும் புல்லும் இருந்ததாலதான் சிராங்கூன் ரோட்டுல மாட்டு வியாபாரமே நடந்துச்சு, பஃபலோ ரோடுன்னு பேரு இன்னும் இருக்கு பாருங்க. இப்ப நல்லா அழகு பண்ணிருக்காங்க, ஆனா ஒரே வெயில், மிருகம் பறவைன்னு எதிர்பாத்து போகாதீங்க. பறவைதான் வேணும்னா கிளமெண்டி பக்கம் உலு பாண்டான் கால்வாய், அது கடலுக்கு போற தண்ணி, வத்தம் (கடல் தண்ணி எறங்குறது) இருக்கிற நேரமா பாத்து போனா சேத்துல நாரைங்க மேயும். ரோச்சோர், காலாங் ரெண்டும் மரினா நீர்த்தேக்கத்துல போய் சேருது, 2008-ல அணை கட்டுனதுக்கு அப்புறம் அங்க கடல் ஏத்தம் வத்தம் கணக்கெல்லாம் இல்ல.

ஒண்ணு மட்டும் பாட்டிகிட்ட கெளம்பும்போதே சொல்லிடுங்க, பாசத்துல பிஸ்கட் தூக்கி போட்டுடுவாங்க: காட்டு விலங்குக்கு தீனி போட்டா முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம்.