வாசகர் கேள்விகள்: புயலில் சரிந்த படகுக் கொட்டகை

கேள்வி: பழைய மரப்படகு ஒன்றைப் பிரித்துப் பழுதுபார்த்து வருகிறேன். மேலே குழாய்ச் சட்டம் நட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தேன். புயலில் தார்ப்பாய் கிழிந்து, சட்டம் வளைந்து படகின் மேலேயே சாய்ந்துவிட்டது. உள்ளே முழுக்க மழைத் தண்ணீர், பாதிப் பலகைகள் இன்னும் பூட்டவில்லை. எங்கே தொடங்குவது? இனி தடிமனான தார்ப்பாய் வாங்கினால் போதுமா?

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் கொட்டகையை அப்படியே விட்டுவிட்டு முதலில் படகின் முட்டுகளைப் பாருங்கள். மழையில் ஊறிய தரையில் முட்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். படகின் எடை அடிமரத்துக்குக் கீழுள்ள கட்டைகளில்தான் நிற்க வேண்டும், பக்க முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. இதைச் சரிபார்க்கும் வரை யாரும் படகுக்குள் ஏறவோ அடியில் நுழையவோ கூடாது. உள்ளே தேங்கிய தண்ணீரும் சாதாரணமில்லை, 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அதனால் வெளியே நின்றபடி குழாய் விட்டு இறைத்துவிடுங்கள். சாய்ந்த சட்டத்தை இழுக்காமல், தாங்கிப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகக் கழற்றுங்கள், இழுத்தால் புயல் விட்டுவைத்த பலகையையும் அது கீறிவிடும்.

அப்புறம் காயவைப்பது. அவசரம் வேண்டாம். நனைந்த மரத்தை வெயிலிலோ ஹீட்டர் வைத்தோ காயவைத்தால் மேல்பரப்பு சுருங்கி வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். நிழலும் காற்றோட்டமும் போதும். பூட்டாத பலகைகளை இடையில் குச்சி வைத்து, சமதளத்தில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள், முறுக்கிக்கொள்ளாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியே இருந்தால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். கடல்நீரைவிட மழைநீர்தான் இந்த விஷயத்தில் மோசம், உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கிவைக்கும். ஈரமானி கடன் வாங்கியாவது அளந்து பாருங்கள். எபாக்ஸி பசையால் ஒட்டுவதாக இருந்தால் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்வரை கை வைக்காதீர்கள்.

சரி, கொட்டகைக்கு வருவோம். தடிமனான தார்ப்பாய் மட்டும் உங்களைக் காப்பாற்றாது என்றுதான் சொல்வேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 48 கிலோ அளவுக்கு அழுத்தும், அதுவும் கூரையைப் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் இழுக்கும். 50 சதுர மீட்டர் கூரைக்குக் கணக்குப் போட்டால் இரண்டு டன்னுக்கு மேல் போகிறது! தார்ப்பாய் கிழியாமல் தாங்கினால் அவ்வளவு இழுப்பும் சட்டத்துக்கும் தரையில் அடித்த முளைக்கும் போகும், முளை ஆழமாக இல்லையென்றால் சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு பறக்கும். அதனால் பணத்தையும் உழைப்பையும் முதலில் நங்கூர முளைகளிலும் குறுக்குச் சட்டங்களிலும் போடுங்கள். ஒரு முனையை மட்டும் திறந்து வைக்காதீர்கள், காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் கூரையை உப்பவைத்துத் தூக்கும். கூரைச் சரிவையும் கூட்டுங்கள், ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 10 கிலோ.

பலத்த புயல் எச்சரிக்கை வந்தால், நேரம் இருக்கும்போதே பெரிய தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு, படகின் மேல் மட்டும் சின்ன உறையை இறுக்கிக் கட்டுங்கள். படகு கொஞ்சம் நனையலாம், ஆனால் சட்டம் அதன் மேல் விழாது.

கேள்வி: தனிச் சட்டம் போட வசதியில்லை. தார்ப்பாயின் கயிற்றைப் படகின் பக்க முட்டுகளிலேயே கட்டலாமா?

பதில்: கட்டவே கூடாது. தார்ப்பாய் படபடத்து அடிக்கும்போது முட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடும், முட்டு விலகினால் படகே சாயும். கயிற்றைப் படகின் அடியில் கொடுத்து மறுபக்கத்தில் கட்டுங்கள், அல்லது தார்ப்பாயின் விளிம்பில் தண்ணீர்க் கேன்களைத் தொங்கவிடுங்கள். எதிரெதிர் முட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்துவிடுங்கள், வெளிப்பக்கம் சறுக்காது.