பாட் காஸ்டைன்: மலைச்சரிவில் ஒரு வெந்நீர் நகரம்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில், ஹோகெ டவர்ன் மலைத்தொடரின் மடியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது பாட் காஸ்டைன். இந்த வெந்நீர் ஊற்று நகருக்குச் செல்ல விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இடம்பெறுகின்றன.

கோடை விடுமுறையில் சால்ஸ்பர்க் வரை செல்கிறோம். அங்கிருந்து பாட் காஸ்டைனை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று பயண முகவர் சொல்கிறார். அது போதுமா?
— ஒரு வாசகர், சென்னை

ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணம்தான் என்பதால் போய்த் திரும்புவதில் சிரமம் இருக்காது. ஆனால் அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு மேல் எதற்கும் நேரம் கிடைக்காது. குறைந்தது மூன்று இரவுகளாவது தங்குங்கள் என்பதே என் யோசனை. இந்த ஊர் நடந்து பார்க்க வேண்டிய ஊர். அதிலும் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர். ரயில் நிலையம் மேலே இருக்கிறது, பழைய நகர மையமோ வெகு கீழே இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் படிக்கட்டுகளும் வளைந்து செல்லும் சாலைகளும் உள்ளன. சமதளமே இல்லாத அந்தச் சரிவில் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய விடுதிகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்க, அவற்றின் நடுவே 341 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று கட்டங்களாகப் பாய்கிறது காஸ்டைன் அருவி. ஊர் நடுவிலுள்ள பாலத்தில் நின்றால், அருகில் நிற்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும். சாரலில் கைப்பிடிச் சுவர் எப்போதும் நனைந்தே இருக்கும்.

அந்த அருவிக்கரையில் உள்ள ஸ்ட்ராவ்பிங்கர் விடுதியில்தான், 1865 ஆகஸ்டில், டென்மார்க்கிடமிருந்து கைப்பற்றிய ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை யார் நிர்வகிப்பது என்று பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு ஆண்டே இரண்டும் போரில் மோதிக்கொண்டன என்பது வேறு கதை. பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த அந்தக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாழடைந்த மாளிகைகளின் ஊர் என்ற பெயர் மெல்ல மாறிவருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

குற்றாலத்தில் குளிப்பதுபோல் அங்கும் அருவியில் குளிக்க முடியுமா? வெந்நீர் அந்த அருவியிலிருந்துதான் வருகிறதா?
— ஒரு வாசகி, தென்காசி

இரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். அருவியாக விழுவது மலைமுகட்டுப் பனி உருகி வரும் ஆற்று நீர். கோடையிலும் உறைய வைக்கும் குளிர்ச்சி கொண்டது. அதில் இறங்குவது ஆபத்து. வெந்நீர் அதே சரிவில், கிராவ்கோகல் மலையின் அடிவாரத்தில், தனித்தனி ஊற்றுகளாகச் சுரக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையும் உருகிய பனியும் பாறைப் பிளவுகள் வழியாக மலையின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடேறி, மீண்டும் மேலெழுந்து வரும் நீர் அது. சில ஊற்றுகளில் அதன் வெப்பம் 46 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அப்படியே குளிக்க முடியாத சூடு என்பதால் ஆறவைத்து, குழாய்கள் மூலம் விடுதிகளுக்கும் குளியல் நிலையங்களுக்கும் அனுப்புகிறார்கள். வெளியூர்க்காரர்கள் எளிதாகச் செல்லக்கூடியது, ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே, குடைந்தெடுத்த பாறை சுவராக நிற்கும் ஃபெல்சன்தெர்மே என்ற பொதுக் குளியல் நிலையம்.

என் தாயாருக்கு 70 வயது, மூட்டுவலி உண்டு. அந்த நீரில் ரேடான் என்னும் கதிரியக்க வாயு கலந்திருப்பதாகப் படித்தேன். அழைத்துச் செல்லலாமா, பயப்பட வேண்டுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நியாயமான கவலை, மேலோட்டமாகப் பதில் சொல்லக் கூடாத கேள்வி. மலைப்பாறையில் உள்ள யுரேனியம் சிதையும் வரிசையில் ரேடியமும் அதிலிருந்து ரேடானும் உருவாகின்றன. அந்த வாயு ஊற்று நீரில் கரைந்து வருகிறது. வீடுகளுக்குள் தேங்கும் ரேடானை நெடுங்காலம் சுவாசிப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அதே ரேடானைக் குறைந்த அளவில், குறைந்த நேரம், மருத்துவர் மேற்பார்வையில் உடலில் படவைத்தால் முடக்குவாத வலி தணிகிறது என்பது காஸ்டைன் மருத்துவர்களின் அனுபவம். முதுகெலும்பை இறுக்கும் வாத நோயுள்ளவர்களுக்கு வலி குறைந்ததாக ஆய்வுகளும் வெளிவந்துள்ளன. ஆயினும் எவ்வளவு சிறிய கதிர்வீச்சானாலும் தேவையின்றி ஏற்கக் கூடாது என்று கருதும் மருத்துவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்வதையும் நாம் மதிக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது, அருகிலுள்ள பெக்ஸ்டைன் கிராமத்தின் சுரங்கம். 1940களில் தங்கம் தேடி ராட்ஹவுஸ்பெர்க் மலையைக் குடைந்தபோது எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. மாறாக உள்ளே வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று இருந்தது. அங்கு வேலை செய்த தொழிலாளர்களின் மூட்டுவலி தணிந்ததாகப் பேச்சு பரவ, ஆராய்ச்சிக்குப் பின் 1950களில் அது சிகிச்சை நிலையமாயிற்று. இன்றும் சிறு ரயிலில் ஏறி மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சென்று, 37 முதல் 41.5 டிகிரி வெப்பத்தில் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். உள்ளே செல்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. அத்தனை வெப்பமும் ஈரப்பதமும் இதய நோயாளிகளுக்கு ஏற்றதல்ல.

ஆகவே, சுற்றிப் பார்க்கும் இடமாக நினைத்து அந்தச் சுரங்கத்துக்குத் தாயாரை அழைத்துச் செல்லாதீர்கள். வாரக்கணக்கில் தங்கிப் பலமுறை செய்துகொள்ளும் சிகிச்சை அது. ஒரு நாள் படுத்து எழுவதால் பயன் இல்லை. உங்கள் ஊர் மருத்துவர் சம்மதித்தால், பொதுக் குளத்தின் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் இருக்கட்டும். நீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் முழங்காலின் சுமை குறையும். அதுவே பெரிய ஆறுதல். தங்கும் விடுதியை மட்டும் ரயில் நிலையத்தை ஒட்டிய மேல் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். படிகளில் ஏறி இறங்கி வலி கூடினால், வந்த பயன் போய்விடும்.

நேதாஜி இந்த ஊரில் தங்கியிருந்தார் என்பது உண்மையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

உண்மை. 1930களில் ஐரோப்பாவில் இருந்தபோது உடல்நலம் தேடி அவர் சென்ற ஊற்று நகரங்களில் இதுவும் ஒன்று. 1937 டிசம்பரில் இங்கே தங்கியிருந்த நாட்களில், பத்தே நாட்களில் தம் வாழ்க்கை வரலாற்றின் பத்து அத்தியாயங்களை ஆங்கிலத்தில் எழுதினார். பிறப்பு, இளமை, கேம்பிரிட்ஜ் படிப்பு, 1921இல் ஐ.சி.எஸ். பதவியை உதறியது வரை எழுதி, தம் தத்துவ நம்பிக்கையைப் பற்றிய ஓர் அத்தியாயத்தையும் சேர்த்தார். அதற்குப் பின் அந்நூலை முடிக்க அவருக்கு வாழ்க்கை இடம் தரவில்லை. அவருடைய செயலாளராக இருந்த ஆஸ்திரியப் பெண்மணி எமிலி ஷெங்கல் அப்போது உடனிருந்தார். அந்த மாதத்தில் இவ்வூரிலேயே இருவருக்கும் ரகசியமாகத் திருமணம் நடந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சில வாரங்களிலேயே அவர் காங்கிரஸ் தலைவராகி, 1938 பிப்ரவரியில் ஹரிபுரா மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இந்தியர்கள் இந்த ஊருக்குச் செல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்றே எனக்குத் தோன்றுகிறது. இசை ஆர்வலராயின் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1825இல் ஷூபெர்ட் தம் டி மேஜர் பியானோ சொனாட்டா ஒன்றை இங்கு இயற்றினார்.

சுற்றுவட்டாரத்தில் தவறவிடக் கூடாதவை எவை?
— ஒரு வாசகி, திருச்சி

வானம் தெளிந்திருக்கும் முதல் காலையிலேயே ஸ்டூப்னர்கோகல் மலைக்குச் சென்றுவிடுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை அங்கு வழக்கம். ரயில் நிலையத்தை ஒட்டியே கம்பிவட ஊர்தி புறப்படுகிறது. 2,200 மீட்டருக்கு மேல், 2009இல் அமைத்த 140 மீட்டர் நீளத் தொங்குபாலம் இருக்கிறது. அதன் தளம் இரும்பு வலை என்பதால் காலுக்குக் கீழே பள்ளம் தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் பக்கத்திலுள்ள காட்சி மேடையோடு நின்றுகொள்ளலாம். அங்கிருந்தே ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரமான 3,798 மீட்டர் கிராஸ்கிளாக்னர் தெரியும்.

அந்தச் சிகரத்தை நெருங்கிப் பார்க்க விரும்புவோர் கார் அமர்த்திக்கொண்டு, 1935இல் திறக்கப்பட்ட 48 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மலைச் சாலையில் செல்லலாம். குளிர்காலத்தில் அது மூடப்பட்டுவிடும். சாலையின் ஒரு கிளை முடியும் 2,369 மீட்டர் உயரத்து மேட்டிலிருந்து பாஸ்டர்ஸே பனியாற்றைக் காணலாம். ஆண்டுக்காண்டு சுருங்கிவரும் அந்தப் பனியாற்றை, இன்னும் இருக்கும்போதே உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

கால் வலு உள்ளவர்கள் சால்ஸ்பர்க் திரும்பும் வழியில் வெர்ஃபனில் இறங்கினால், உலகின் மிகப் பெரிய பனிக்குகையைப் பார்க்கலாம். 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அக்குகையின் முதல் ஒரு கிலோமீட்டர் அளவில்தான் பனி இருக்கிறது. அதற்குள்ளேயே ஏறுவதற்கு 700 படிகள். கோடையிலும் உள்ளே உறைநிலைக் குளிர் என்பதால் கம்பளிச் சட்டை அவசியம். அதே ஊரின் குன்றில் 11ஆம் நூற்றாண்டுக் கோட்டையும் உண்டு. காஸ்டைன் பள்ளத்தாக்கின் வாயிலுக்கு அப்பால், செங்குத்துப் பாறைகளுக்கிடையே ஆறு பாயும் லிக்டன்ஸ்டைன் இடுக்கு அழகானது. பாறை சரிந்து மூடப்பட்டிருந்த அது 2020இல் புதிய சுழல் படிக்கட்டுடன் மீண்டும் திறக்கப்பட்டது.

சைவ உணவு கிடைக்குமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். பாலாடைக்கட்டி சேர்த்த மாவுருண்டைகளிலும், இனிப்பாகப் பரிமாறும் கைசர்ஷ்மாரனிலும் முட்டை உண்டு. காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். சமையலறையோடு கூடிய அறை எடுத்துக்கொண்டால் கவலையில்லை. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமையே பொருள் வாங்கிவிடுங்கள்.

குளியல் நிலையங்களில், குளத்துக்கு நீச்சலுடை கட்டாயம். சானா என்னும் வெப்ப அறைப் பகுதியிலோ ஆணும் பெண்ணுமாக ஆடையின்றி அமர்வதே அவர்கள் வழக்கம். நுழைவாயிலில் இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு விற்பார்கள். குடும்பத்தோடு செல்பவர்கள் குளத்துக்கான சீட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். நவம்பரில் பல விடுதிகளும் கம்பிவட ஊர்திகளும் இயங்குவதில்லை. ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை நம்மவர்களுக்கு ஏற்ற காலம். ஷெங்கன் விசாவுக்கு மட்டும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.