டிஸ்க் பல்ஜுக்கு ஆபரேஷன்தான் வழியா?

கேள்வி: வயது 41. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இரண்டு வருஷமாக இடுப்பு வலி. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால்தான் தீரும் என்கிறார்கள் சிலர். தோழி அக்குபங்சருக்கும் மாமியார் வர்மத்துக்கும் கூப்பிடுகிறார்கள். பெல்ட் கட்டி, தினமும் வலி மாத்திரை போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரர், “எல்லாம் உன் நினைப்பு” என்கிறார். எதை நம்புவது மேடம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுகிறேன். இது நினைப்பு அல்ல, நிஜமான வலி. மூன்று மாதத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இப்போது அதற்குத் தனி இடமே உண்டு. வலி நீடிக்க நீடிக்க, அதைக் கடத்தும் நரம்புகள் உஷாராகிவிடுகின்றன. திருடன் ஓடிப்போன பிறகும் பால்காரரைப் பார்த்துக் குரைக்கும் நாய் மாதிரி, சின்ன அசைவுக்கும் கத்துகின்றன. கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் முதுகுத்தண்டு நரம்புகளில் இதை 1983-லேயே காட்டிவிட்டார்.

ஸ்கேன் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டிஸ்க் பல்ஜ் என்றால், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். 1994-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது! காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல் எதையும் நீங்கள் எழுதவில்லை. வெறும் இடுப்பு வலிக்கு ஆபரேஷன் என்று அவசரப்பட வேண்டாம்.

அக்குபங்சருக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். ஜெர்மனியில் 1,162 முதுகு வலிக்காரர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2007-ல் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 27 சதவீதம் பேருக்குத்தான் நல்ல பலன். அக்குபங்சரில் 47 சதவீதத்துக்கு மேல். ஆனால் சரியான புள்ளிகளை விட்டுவிட்டு வேறு இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தியவர்களிலும் 44 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. ஆகவே புள்ளி ரகசியத்துக்காகப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

வர்மத்துக்குத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போல, படித்துப் பயிற்சி எடுத்தவர்களிடம் போங்கள். லேபிள் இல்லாத பொடி, சூரணம் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்து, முகம் வீங்கி, சுகர் ஏறியவர்கள் உண்டு.

பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெல்ட்டும், முதுகை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்றே இருக்கிறது. பிசியோதெரபிஸ்டான நானும் டிராக்‌ஷன் போடுவதில்லை. மாத்திரை விஷயம்தான் எனக்குக் கவலை. தினசரி வலி மாத்திரை வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.

சரி, நம்ப வேண்டியது எதை? அசைவை. பாஸ்டன் பக்கம் வருமானம் குறைந்த 320 முதுகு வலிக்காரர்களிடம் 12 வாரம் சோதித்ததில், எளிய யோகா வகுப்பு பிசியோதெரபிக்குச் சமமாக நின்றது. வாரம் ஒரு வகுப்பு, மற்ற நாளில் வீட்டில் பயிற்சி, அவ்வளவுதான். என் தொழிலோடு போட்டி போடுகிறது என்று நான் அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் ஓவர்லாக்கையும் பாருங்கள். சாய்மானம் இல்லாத ஸ்டூல், ஊசியைப் பார்த்துக் குனிந்த கழுத்து, பெடலை விட்டு எடுக்காத கால். பீஸ் ரேட் என்பதால் எழுந்திருக்க மனம் வராது, தெரியும். ஒரு கட்டு முடிந்ததும் அடுத்த கட்டை எழுந்து நின்று எடுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெல்லப் பின்னால் வளைந்து நிமிருங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது. சாயங்காலம் பத்து நிமிஷ நடை, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். அப்புறம், வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியெல்லாம் ஒரேயடியாகத் துவைத்துவிட்டுத் திங்கட்கிழமை படுத்துவிடுவது பலரும் செய்வது. நல்ல நாளிலும் அளவோடு நிறுத்துங்கள். வீட்டுக்காரர் அலசிப் பிழியட்டும்.

பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, மேலே சொன்ன எதையும் செய்துகொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.