பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள்

கேள்வி: எனக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கடத்தல்காரர்கள், மோசடிக் கும்பல்கள் பதுக்கும் பணத்தைத் தேடிப் பிடிக்கும் புலனாய்வு வேலையில் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. “ரவுடிகளோடு மோதும் வேலை நமக்கு எதற்கு?” என்று அம்மா அழுகிறார். இதற்கிடையில் குளச்சலில் இருக்கும் என் சித்தி மகன், 8,000 ரூபாய் கிடைக்கிறது என்று தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் யாரிடமோ கொடுத்துவிட்டான். இப்போது வேறு மாநில போலீசார் அவன் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். அவனுக்கு உதவினால் என் வேலைக் கனவு பாழாகுமா? இந்த வேலைக்கு நான் தகுதியானவள்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குழித்துறை

பதில்:

மக்களே,

பிள்ளைகளை நம்மூரில் அழைக்கும் முறையில் உன்னை இப்படி அழைக்க உரிமை எடுத்துக்கொள்கிறேன். உன் தம்பியின் கணக்கு முடங்கிய கதைதான் நீ சேர நினைக்கும் வேலையின் முதல் பாடம். கும்பலை நடத்துகிறவன் தன் பெயரில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. வங்கிக் கணக்கு ஒரு மீனவ இளைஞனின் பெயரில் இருக்கும், சிம் கார்டு ஒரு கூலித் தொழிலாளியின் பெயரில் இருக்கும், நிலம் கார் ஓட்டுநரின் பெயரில் இருக்கும். அந்தப் பெயர்களோடு நின்றுவிடாமல் பின்னால் இருக்கும் ஆளிடம் போய்ச் சேர்வதுதான் இந்த வேலை.

காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தேன். தக்கலைப் பக்கம் ஒரு நிதி நிறுவனம், 24 சதவீத வட்டி தருவதாகச் சொல்லி ஊர் முழுவதும் பணம் வாங்கிவிட்டு ஒரு நாள் காலையில் ஷட்டரைத் திறக்கவில்லை. புகார் கொடுக்க வந்தவர்களில் முந்திரி ஆலையில் வேலை செய்யும் ஓர் அம்மா இருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. ரசீதை நாலாக மடித்துப் பால் கவருக்குள் வைத்திருந்தார். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த 1,40,000 ரூபாய். நிறுவன உரிமையாளரோ, “தொழிலில் எல்லாம் போய்விட்டது, என் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை” என்றார். அதில் பொய்யே இல்லை. அவர் பெயரில் ஒன்றுமில்லைதான்.

நிறுவனத்தில் வேலை பார்த்த ஒவ்வொருவர் பெயரையும் சார்பதிவாளர் அலுவலகத்துப் பெயர் அட்டவணையில் தேடினோம். கிடைத்த சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்தோம். ஓட்டுநர் பெயரில் மூன்று கிரயப் பத்திரங்கள் வந்தன. அவருடைய மாதச் சம்பளம் 9,000 ரூபாய். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழை ஒழுகும் இடத்தில் ஓர் அண்டாவை வைத்திருந்தார்கள். “முதலாளி கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்” என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. முத்திரைக் கட்டணத்துக்கான வரைவோலைகள் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன என்று வங்கியில் கேட்டோம். மூன்றும் நிறுவனத்தின் கணக்கு. அந்த மூன்று தாள்களின் மேல்தான் வழக்கு நின்றது.

1997-ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அரசு நிலங்களை முடக்கி, மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அதை உறுதிசெய்து, ஏலம் விட்டுப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த அம்மாவுக்கு முழுத்தொகை கிடைக்கவில்லை, ஒரு பங்குதான் கிடைத்தது. மகளின் கல்யாணமோ அதற்கு முன்பே கடன் வாங்கி நடந்து முடிந்திருந்தது. இந்த வலியை உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பத்திரங்களை நாங்கள் தேடாமல் விட்டிருந்தால் அந்தப் பங்கும் அவர் கைக்கு வந்திருக்காது.

நீ தகுதியானவளா என்று கேட்டிருக்கிறாய். பேரேட்டையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும்போது 340 ரூபாய் இடித்தால், அது எங்கே போனது என்று தெரியும்வரை உனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வராதா? அப்படியானால் இந்த வேலைக்கு வேண்டிய குணம் உன்னிடம் இருக்கிறது. மற்றதைக் கற்றுக்கொள்ளலாம். நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் கேட்பார்கள் என்பதால், மார்த்தாண்டத்தில் 49,000, கருங்கலில் 49,500 என்று வெவ்வேறு கணக்குகளில் பிரித்துக் கட்டுவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணம். ஒரே தாளில் வரிசையாக எழுதினால் ஒரு மனிதனின் நடை தெரியும். 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி, 10 லட்சம் ரூபாய்க்கு மேலான ரொக்கப் பரிவர்த்தனைகளையும், தொகை எவ்வளவாக இருந்தாலும் சந்தேகத்துக்குரியவற்றையும் வங்கிகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது.

எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு ரேஷன் அரிசி கடத்தும் லாரி பிடிபட்ட செய்தியை நீயும் அடிக்கடி படித்திருப்பாய். ஓட்டுநர் சிறைக்குப் போவார், அடுத்த வாரம் வேறு லாரி வரும். அரிசிக்கு முன்பணம் கொடுத்தது யார், விற்ற பணம் யாரிடம் திரும்பியது என்று கேட்டால்தான் அந்தத் தொழில் ஆட்டம் காணும். அதனால்தான் உன்னைப் போன்ற கணக்குத் தெரிந்த பிள்ளைகள் இதற்கு வர வேண்டும் என்று ஏங்குகிறேன்.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாக அமலாக்கத் துறையின் உதவி அமலாக்க அதிகாரி, வருமான வரி ஆய்வாளர் பணிகளுக்குப் போகலாம். பட்டப்படிப்பு போதும். வயது வரம்பை அறிவிக்கையில் பார்த்துக்கொள், தள்ளிப்போடாதே. மாநிலக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தால் பின்னாளில் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு மாறுதல் கேட்கலாம். வங்கிகளிலும் சந்தேகப் பரிவர்த்தனைகளைக் கண்காணிக்கும் பிரிவுகள் இருக்கின்றன. பழகுவதற்கு அது நல்ல இடம். இன்னொன்று: மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள். 1956 வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்ததால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில்தான் இருக்கின்றன. எல்லை தாண்டிய பணத்தைத் தேடும்போதும் அந்த மொழி கைகொடுக்கும். ஒரு தாளைப் படிக்கத் தெரியாமல் நான் இரண்டு வாரங்களை இழந்திருக்கிறேன்.

அம்மாவின் பயத்தை அலட்சியம் செய்யாதே. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு நெருக்கடி மிரட்டலாக வந்ததைவிட அன்பாக வந்ததுதான் அதிகம். அந்த நிதி நிறுவன வழக்கு நடந்தபோது ஒரு நாள் விடியற்காலையில் வீட்டுத் திண்ணையில் பழுத்த மட்டி வாழைக்குலை ஒன்று இருந்தது. வாசனை முற்றம் வரை வந்தது. கொண்டுவந்து வைத்தவர் என் கணவருக்கு ஒன்றுவிட்ட மாமா. நான் குலையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டிலேயே இறக்கி வைத்தேன். இரண்டு ஆண்டுகள் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை. இவ்வளவு சிறிய மாவட்டத்தில் எல்லோரும் எப்படியோ உறவு. இதைத் தாங்க முடியுமா என்று அம்மாவும் நீயும் சேர்ந்து யோசியுங்கள். ரவுடிகளைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.

இனி உன் தம்பி. பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னதும், பணம் கைமாறிய கணக்குகளை வரிசையாக முடக்கிக்கொண்டே போவார்கள். அவன் கணக்கும் அந்த வரிசையில் வந்திருக்க வேண்டும். எங்கோ ஒருவரின் ஓய்வூதியப் பணம் அதன் வழியாகப் போயிருக்கலாம். அதை மறந்துவிட்டு அவனை அப்பாவி என்று மட்டும் சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் அவனுக்கு உண்மையைச் சொல்லும் வழி இன்னும் திறந்திருக்கிறது. உண்மையைச் சொல்ல நீ துணைபோனால் உன் எதிர்காலத்துக்கு ஒன்றும் ஆகாது. அவனுக்காகப் பொய்க் கடிதம் எழுதினாலோ, ஆதாரத்தை அழிக்கச் சொன்னாலோதான் ஆகும். கார்டை வாங்கியவனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். கணக்கில் மீதி இருந்தால் அதைத் தொட வேண்டாம். முடக்கத்தை நீக்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கார்டை யாரிடம், எந்தத் தேதியில், எந்த இடத்தில், எவ்வளவுக்குக் கொடுத்தான் என்று அவன் கைப்பட எழுதட்டும். திங்கட்கிழமை காலையில் அந்தக் கடிதத்தோடு அவனை வங்கிக்கு அழைத்துப் போ. கணக்கை முடக்கிய காவல் நிலையத்தின் பெயரையும் புகார் எண்ணையும் அங்கே கேட்டு வாங்கு. அங்கிருந்து நேராக நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, மாவட்ட சைபர் கிரைம் பிரிவில் கடிதத்தின் நகலைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.